ஒன்பிளஸ் மீது பழைய ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கேள்வி இதுதான்: “எல்லா கம்பெனியும்தான் விலையை ஏற்றுகிறது. சாம்சங் ஏற்றினால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. ஒன்பிளஸ் ஏற்றினால் மட்டும் பழைய ஆட்கள் ஏதோ துரோகம் நடந்துவிட்ட மாதிரி பேசுகிறார்களே, ஏன்?”

நானும் அந்தப் பழைய ஆட்களில் ஒருவன். 2014-இல் அவர்களுடைய முதல் போனான ஒன்பிளஸ் ஒன் வந்த நாளிலிருந்து இந்த பிராண்டைப் பின்தொடர்கிறேன். விலை ஒரு காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வரிசையில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வரும். முதல் காரணம் வேறு. இந்த கம்பெனிக்குக் கடை இல்லாத காலத்தில் நாங்கள்தான் கடை. டிவி விளம்பரம் இல்லாத காலத்தில் நாங்கள்தான் விளம்பரம். மென்பொருளில் கோளாறு வந்தால் கண்டுபிடித்து எழுதி அனுப்பியதும் நாங்கள்தான். ஒரு பைசா வாங்காமல், ஆசையோடு செய்தோம். அப்படி உழைத்தவர்களுக்கு அந்த கம்பெனியின் மேல் ஒரு உரிமை உணர்வு வந்துவிடும். சாம்சங்கின் வாடிக்கையாளருக்கு அது கிடையாது. கோபம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் புரியும். 2014-இல் ஒரு நல்ல போன் வேண்டுமென்றால் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ்5, ஐபோன் 5எஸ் இரண்டும் அந்த விலையில்தான் வந்தன. 20,000 ரூபாய்க்குக் கிடைத்தவை பாதி நாளில் திணற ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் ஸ்னாப்டிராகன் 801 சிப், 3 ஜிபி ரேம், 5.5 அங்குல முழு எச்டி திரை என்று அன்றைய உச்ச ரக வசதிகளோடு ஒரு போன் அமெரிக்காவில் 299 டாலருக்கு வருகிறது. டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது 64 ஜிபி மாடல் 21,999 ரூபாய். அமேசானில் மட்டும்தான் கிடைக்கும். அதுவும் பணம் இருந்தால் போதாது, ‘இன்வைட்’, அதாவது வாங்குவதற்கான அழைப்பு வேண்டும்.

இந்த இன்வைட் முறையைப் பலர் வெறும் பரபரப்பு உத்தி என்று நினைத்தார்கள். அதில் ஒரு கணக்கும் இருந்தது. கையில் பெரிய முதலீடு இல்லாத கம்பெனி லட்சக்கணக்கில் போன் செய்து குடோனில் அடுக்கி, விற்காமல் போனால் அங்கேயே மூழ்கிவிடும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்பத் தயாரித்தால் நஷ்டம் வராது. லாபம் மிகக் குறைவாக வைத்து விற்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், கடைக்காரருக்குக் கமிஷன் இல்லை, விளம்பரச் செலவும் இல்லை. அந்த இரண்டு வேலையையும் வாங்கியவர்கள் செய்தார்கள். போனை வாங்கியவருக்கு நண்பர்களுக்குக் கொடுக்க இன்வைட் கிடைக்கும். ஹாஸ்டலில் ஒருவன் வாங்கினால் அந்த மாடி முழுக்க அதே பேச்சு. அப்பாவுக்கும் அக்காவுக்கும் என்ன போன் வாங்குவது என்று கேட்டால் எங்களிடம் ஒரே பதில்தான் இருந்தது.

பெரிய கம்பெனிகளை எதிர்க்கிற அந்தக் கலகக்காரத் தோரணை கம்பெனி வேண்டுமென்றே உருவாக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரலில் ஒரு போட்டி வைத்தார்கள். கையில் இருக்கும் விலை உயர்ந்த போனை உடைத்து வீடியோ எடுத்து அனுப்பத் தயாரா? தேர்வாகும் 100 பேருக்கு ஒன்பிளஸ் ஒன் ஒரு டாலருக்கு. சிலர் தேர்வாவதற்கு முன்பே ஆர்வத்தில் உடைத்துவிட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் பெண்கள் ஒன்பிளஸ் சின்னத்தோடு படம் எடுத்துப் போட்டால் இன்வைட் என்று இன்னொரு போட்டி. அது அசிங்கமான யோசனை. கண்டனம் வந்ததும் சில மணி நேரத்தில் விலக்கிக்கொண்டார்கள். ஆக, ஆரம்பத்தில் எல்லாம் தூய்மையாக இருந்தது, அப்புறம்தான் கெட்டுப்போனது என்று நான் கதை சொல்லவில்லை. ‘சின்ன ஸ்டார்ட்டப்’ என்ற படத்துக்குள்ளும் பாதி உண்மைதான் இருந்தது. நிறுவனர்களில் ஒருவரான பீட் லாவ், 2013 நவம்பர் வரை ஓப்போவின் துணைத் தலைவர். போன் தயாரானதும் ஓப்போவின் தொழிற்சாலையில்தான். தேடிப் படித்தவர்களுக்கு இது அப்போதே தெரியும். அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் போனுக்குள் இருந்த மென்பொருளுக்கும் ஓப்போவுக்கும் சம்பந்தம் இல்லை.

இந்த மென்பொருள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், முழுப் பிரச்சினையும் இதில்தான் இருக்கிறது. அன்றைய சீன போன்களில் பெரும்பாலானவற்றில் ஐபோனைப் பார்த்து எழுதிய மாதிரி ஒரு தோற்றம் இருக்கும். நமக்கு வேண்டாத ஆப்கள் இருபது இருக்கும், நீக்கவும் முடியாது. ஒன்பிளஸ் ஒன் வந்தது சயனோஜென்மாட் உடன். உலகம் முழுவதும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்த ஆண்ட்ராய்டு அது. அதைத் தன் போனில் தானே ஏற்றிப் பார்த்து, போனைக் கெடுத்து, மறுபடி சரிசெய்து பழகிய கூட்டம் நாங்கள். எங்கள் பக்கம் நின்று ஒரு கம்பெனி போன் செய்கிறது என்றால் எப்படி இருக்கும்?

இந்தியாவில் உடனே ஒரு சிக்கல் வந்தது. அந்த மென்பொருளுக்குப் பின்னால் இருந்த சயனோஜென் நிறுவனம் இங்கே அதற்கான தனி உரிமையை மைக்ரோமேக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. மைக்ரோமேக்ஸ் வழக்குப் போட, 2014 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்பிளஸ் ஒன் விற்பனைக்கு இடைக்காலத் தடை போட்டது. தடை சில நாளில் நீங்கினாலும், அடுத்தவர் மென்பொருளை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பது கம்பெனிக்குப் புரிந்துவிட்டது. 2015-இல் ஒன்பிளஸின் சொந்த மென்பொருளான ஆக்சிஜன் ஓஎஸ் பிறந்தது இப்படித்தான். அதை எழுத யாரை எடுத்தார்கள் தெரியுமா? பாரநாய்ட் ஆண்ட்ராய்டு என்ற இன்னொரு ஆர்வலர் குழுவின் முக்கியமான ஆட்களை. கூகுள் கொடுக்கும் ஆண்ட்ராய்டை அப்படியே வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் மட்டும் கை வைத்தார்கள். திரை அணைந்திருக்கும்போதே விரலால் வரைந்தால் கேமரா திறக்கும், டார்ச் எரியும். ஆண்ட்ராய்டில் எல்லோருக்கும் இருள் வண்ணத் தோற்றம் வருவதற்கு வருடங்கள் முன்பே இதில் இருந்தது. பூட்லோடரை, அதாவது வேறு மென்பொருள் ஏற விடாமல் தடுக்கும் பூட்டை, திறந்து வேறு ஆண்ட்ராய்டு ஏற்றினாலும் வாரன்டி போகாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளரிடம் “இது உன் பொருள், நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்” என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை.

என்னைக் கேட்டால் உச்சம் 2016-இல் வந்த ஒன்பிளஸ் 3. இன்வைட் கிடையாது, 27,999 ரூபாய், 6 ஜிபி ரேம், அலுமினிய உடல், அரை மணி நேரத்தில் ஒரு நாளைக்குத் தேவையான சார்ஜ். அந்த போனுக்கு 2019-இல் ஆண்ட்ராய்டு 9 கூடக் கொடுத்தார்கள். அன்றைய நிலவரத்தில் அது பெரிய விஷயம்.

சரி, விலைக்கு வருகிறேன். ஒன்பிளஸ் 5 ஆரம்ப விலை 32,999. 6டி 37,999. 2019-இல் 7 ப்ரோ ஒரே தாவலில் 48,999. 9 ப்ரோ 64,999. 2025 ஜனவரியில் வந்த 13-இன் ஆரம்ப விலை 69,999. பத்து வருடத்தில் மூன்று மடங்குக்கும் மேல். இதில் கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கிறது. 2014-இல் டாலர் 60 ரூபாயை ஒட்டி இருந்தது, 2025 தொடக்கத்தில் 85-ஐத் தாண்டியிருந்தது. வளைந்த திரை, வயர்லெஸ் சார்ஜிங், தண்ணீர் புகாத உடல், நல்ல கேமரா எல்லாம் ‘ஏன் இல்லை’ என்று நாங்களே கேட்டவைதான். கேட்டதைக் கொடுத்தால் விலை ஏறத்தான் செய்யும். கடை திறந்தார்கள், இந்தியாவில் அமிதாப் பச்சனை விளம்பரத் தூதராக்கினார்கள், 2019-இல் ராபர்ட் டௌனி ஜூனியரைக் கூட்டி வந்தார்கள். அந்தச் செலவும் போன் விலையில்தானே ஏறும். விலை மட்டும் ஏறியிருந்தால் பழைய ரசிகர்கள் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

எனக்கு முதலில் உறுத்தியது 2017. அந்த அக்டோபரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், ஆக்சிஜன் ஓஎஸ் போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), தொலைபேசி எண், எந்த ஆப்பை எப்போது திறக்கிறோம் என்பது வரை கம்பெனியின் சர்வருக்கு அனுப்புவதைக் காட்டினார். அதே வருடம் ஒன்பிளஸ் 5-இல் வேகச் சோதனை ஆப்களுக்கு மட்டும் போன் தனியாக முறுக்கேறி ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள். 2018 ஜனவரியில் கம்பெனியின் இணையக் கடையில் புகுந்த திருடர்களால் 40,000 பேர் வரை கிரெடிட் கார்டு விவரங்களை இழந்திருக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. தகவல் சேகரிப்பு விஷயத்தில் பதில் சொன்னார்கள், சிலவற்றை எடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதனால் மன்னித்தோம். ஆனால் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சொல்வதும் முதலிலேயே சொல்வதும் ஒன்றல்ல. மறைக்க மாட்டோம் என்பதுதான் இந்த பிராண்டின் பேச்சாக இருந்தது.

2018 மே மாதம் வந்த ஒன்பிளஸ் 6-இல் ஹெட்போன் துளை இருந்தது. மற்ற கம்பெனிகள் எடுத்துவிட்டார்கள், நாங்கள் வைத்திருக்கிறோம் என்பது அப்போது ஒரு பெருமை. ஐந்து மாதத்தில் 6டி வந்தது, துளை இல்லை. பக்கத்திலேயே அவர்களுடைய வயர்லெஸ் இயர்போன் விற்பனைக்கு இருந்தது.

2020-இல் 8 வரிசையிலும் விலை குறைந்த நார்ட் போனிலும் ஃபேஸ்புக்கின் ஆப்களும் அதன் சேவைகளும் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வந்தன. எந்தக் குப்பை இல்லை என்பதற்காக இந்த போனை ஊரெல்லாம் சிபாரிசு செய்தோமோ, அதே குப்பை. அந்த அக்டோபரில் இன்னொரு நிறுவனர் கார்ல் பெய் விலகினார். 2021 ஜூலையில் 9 ப்ரோவை ஆராய்ந்த ஆனந்த்டெக் என்ற தொழில்நுட்ப இணையதளம், குரோம் மாதிரியான பிரபல ஆப்களைப் போன் தன் சிப்பின் மெதுவான கோர்களுக்குத் தள்ளுகிறது, வேகச் சோதனை ஆப்களை மட்டும் தொடுவதில்லை என்று காட்டியது. பேட்டரிக்காகவும் சூடு குறையவும் செய்ததாக கம்பெனி சொன்னது. அந்தக் காரணம் நியாயமானதுதான். அப்படியானால் செட்டிங்ஸில் ஒரு பட்டன் வைத்து, வேண்டியவர் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பழைய ஒன்பிளஸ் அதைத்தான் செய்திருக்கும். வேகச் சோதனை ஆப்பான கீக்பெஞ்ச் அந்த மாடல்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு வலித்தது மென்பொருள் போன விதம். 2021 ஜூனில் ஓப்போவோடு இன்னும் நெருக்கமாக இணைவதாக பீட் லாவ் எழுதினார். அடுத்த மாதமே, ஆக்சிஜன் ஓஎஸ்-இன் அடித்தளமும் ஓப்போவின் கலர் ஓஎஸ்-இன் அடித்தளமும் ஒன்றாகும் என்றார்கள். அப்டேட் வேகமாக வரும், அதிக வருடம் வரும் என்பது வாக்குறுதி. டிசம்பரில் 9 வரிசைக்கு ஆக்சிஜன் ஓஎஸ் 12 வந்தது. கோளாறுகளின் மூட்டை. சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். செட்டிங்ஸ் திறந்தால் ஓப்போ போனைக் கையில் வைத்திருக்கிற மாதிரி இருந்தது. பீட்டா பதிப்புகளை, அதாவது முழுமையாகாத சோதனைப் பதிப்புகளை, தினசரி போனில் ஏற்றி, என்ன உடைகிறது என்று வருடக்கணக்கில் எழுதி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைபட்டு மெருகேறிய ஒரு மென்பொருள் ஒரே அப்டேட்டில் காணாமல் போனது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் 2022 தொடக்கத்தில், இரண்டும் தனித்தனியாகவே இருக்கும் என்று பீட் லாவ் அறிவித்தார். அதே வருடம் வந்த ஆக்சிஜன் ஓஎஸ் 13-ஐயும் கலர் ஓஎஸ் 13-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த அறிவிப்பின் மதிப்பு தெரியும்.

சார்ஜருக்கு வைத்த பெயர்களைப் பார்த்தாலே போதும். 2016-இல் டேஷ் சார்ஜ், 2018-இல் வார்ப் சார்ஜ். அடியில் இருந்தது ஓப்போவின் தொழில்நுட்பம்தான் என்றாலும் பெயராவது சொந்தமாக இருந்தது. 2022-இல் 10 ப்ரோ வந்தபோது நேராக ஓப்போவின் சூப்பர்வூக் பெயரே வந்துவிட்டது. அதே வருடம் 10ஆர், 10டி இரண்டிலும் அலர்ட் ஸ்லைடரைக் காணோம். போனைப் பாக்கெட்டில் இருந்து எடுக்காமலேயே விரலால் தள்ளி சைலன்ட் ஆக்கும் அந்தச் சின்ன பட்டன் ஒன்பிளஸ் 2 காலத்திலிருந்து அடையாளமாக இருந்தது. 11-இல் திரும்பி வந்தது, 2025-இல் 13எஸ்-இல் மறுபடி போனது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதன் இன்னொரு பக்கமும் நேரடியாகத் தெரியும். 8, 9 வரிசை போன்களில் சிலவற்றில் அப்டேட்டுக்குப் பிறகு திரையின் குறுக்கே பச்சைக் கோடு விழும் புகார் 2023-இல் பெரிதாகக் கிளம்பியது. சில மாடல்களுக்கு வாழ்நாள் திரை வாரன்டி அறிவித்தார்கள், 2024 இறுதியில் எல்லா மாடலுக்கும் விரித்தார்கள். அந்த முடிவைப் பாராட்டுகிறேன், பல கம்பெனிகள் இதைச் செய்யவில்லை. ஆனால் 2024 ஏப்ரலில் தென்னிந்திய சில்லறை விற்பனையாளர் சங்கம் ஒன்பிளஸுக்குக் கடிதம் எழுதி, மே 1 முதல் சுமார் 4,500 கடைகளில் விற்பனையை நிறுத்துவதாகச் சொன்னது. நம் ஊர் பூர்விகாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. லாப விகிதம் போதவில்லை, வாரன்டி கோரிக்கைகள் இழுத்தடிக்கப்படுகின்றன, வேண்டாத பொருளையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள் என்பவை அவர்கள் குறைகள். ரசிகர்களை வைத்துக் கடைகளைத் தாண்டி வளர்ந்த கம்பெனி, அப்புறம் கடைகளை நம்பி ரசிகர்களைத் தாண்டியது. கடைசியில் கடைக்காரர்களும் அதே குறையைத்தான் சொன்னார்கள்: பேசினால் கேட்க ஆள் இல்லை.

இது ஒன்பிளஸின் தனிக் குணமா என்றால், இல்லை. புதிதாக வருபவருக்கு விளம்பரப் பணம் இல்லை, ஆகவே ரசிகர்கள் தேவை. ரசிகர்களை வைத்துக்கொள்ளக் குறைந்த லாபமும் திறந்த பேச்சும் தேவை. வளர்ந்த பிறகு பணம் வருகிறது, கடை வருகிறது, முதலீட்டாளர் கணக்குக் கேட்கிறார். அப்போது ரசிகனின் குரல் செலவாகத் தெரிகிறது. கார்ல் பெய் தொடங்கிய நத்திங்கைப் பாருங்கள். 2022-இல் போன் 1 இந்தியாவில் 32,999 ரூபாய்க்கு வந்தது. மூன்று வருடம் கழித்து போன் 3-இன் ஆரம்ப விலை 79,999. ஒன்பிளஸ் அந்தத் தூரத்தை நடக்க எடுத்துக்கொண்ட காலம் இதைவிட அதிகம். ஒன்பிளஸை விட்டு நத்திங்குக்குப் போன நண்பர்களிடம் நான் சொல்வது, போன் பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் மறுபடியும் சம்பளமில்லாத விற்பனையாளர் ஆகாதீர்கள் என்பதுதான்.

உங்கள் கேள்விக்குள் ‘அப்படியானால் இப்போது வாங்கலாமா’ என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வாங்கலாம். ஒன்பிளஸ் 13 நல்ல போன். 6,000 எம்ஏஎச் பேட்டரி, தண்ணீருக்குத் தாங்கும் உடல், நான்கு ஆண்ட்ராய்டு அப்டேட், ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட். சாம்சங் தன் உயர் ரக போன்களுக்கு 2024 முதல் ஏழு வருடம் தருகிறது, அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது, அங்கே உதிரிபாகம் வர எத்தனை நாள் ஆகிறது என்று ஏற்கனவே வாங்கியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சைக் கோடு வாரன்டி உங்கள் மாடலுக்கு இன்னும் உண்டா என்று பில் போடும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய ஒன்பிளஸ் ஏதாவது வீட்டில் சும்மா கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். சயனோஜென்மாடின் வாரிசான லினியேஜ் ஓஎஸ் இந்த பிராண்டின் பல பழைய மாடல்களுக்கு வந்திருக்கிறது. பூட்லோடரைத் திறக்க விட்ட அந்தப் பழைய முடிவினால்தான் கம்பெனி கைவிட்ட போன்களுக்கும் அதன் ரசிகர்களால் இன்னும் அப்டேட் எழுத முடிகிறது.